லாரி கேபினில் ஹீட்டர் சுடவில்லையா? ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரும் காரணமாக இருக்கலாம்!

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, நாமக்கல் வழியாகத்தான் செல்கிறது. இங்கிருந்து காஷ்மீர் வரை லோடு ஏற்றிச் செல்லும் லாரிகள் உண்டு. குளிர்காலத்தில் பனிப்பொழிவு, நிலச்சரிவு என்று ஜம்மு - ஸ்ரீநகர் சாலை அடிக்கடி மூடப்படும். வரிசையில் சிக்கும் டிரைவருக்கு கேபின்தான் வீடு. அங்கே ஹீட்டர் என்பது சொகுசு அல்ல, பாதுகாப்பு.

ஆனால், நம்ம ஊர் வெயிலில் ஹீட்டரை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பனியில்தான் அது வேலை செய்யவில்லை என்பதே தெரியவரும்.

ஹீட்டர் எப்படி இயங்குகிறது?

இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி வரை சூடாகும். அதில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள 'ஹீட்டர் கோர்' என்ற குட்டி ரேடியேட்டருக்குள் செல்கிறது. ப்ளோயர் அதன்மீது காற்றை வீச, கேபினுக்குள் வெப்பம் வருகிறது. அவ்வளவுதான்.

அடைப்பு ஏன் வருகிறது?

"தண்ணிதானே, ஊத்துனா போச்சு" என்ற பழக்கமே முக்கியக் காரணம். போர் தண்ணீரில் உள்ள உப்பு, பாத்திரத்தின் அடியில் படிவதுபோல ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் துருவையும் உண்டாக்கும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் கைவைத்தியமும் உண்டு. ஒழுகலை அடைக்கும் அதே தூள், ஹீட்டர் குழாயையும் அடைத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் சூடான பிறகு ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, கோருக்குப் போகும், வரும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

* ஒன்று சூடாகவும் மற்றொன்று ஜில்லென்றும் இருந்தால், பெரும்பாலும் கோரில் அடைப்பு. ஹீட்டர் வால்வு திறக்காமல் இருந்தாலும் இப்படி இருக்கும்.
* இரண்டுமே ஜில்லென்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் அல்லது தெர்மோஸ்டாட் கோளாறு.
* இரண்டுமே சூடு, ஆனால் காற்று மட்டும் குளிர்ச்சி என்றால், பெரும்பாலும் காற்றைத் திருப்பிவிடும் கதவில் பிரச்னை.

கேபினில் இனிப்பு வாடை, மிதியடியில் ஈரம் இருந்தால் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழுவுவது எப்படி?

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்ட்டைப் பாத்திரத்தில் வடித்துவிட்டு, இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கழற்ற வேண்டும். கூலன்ட் வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து தண்ணீரை மெதுவாக விட்டால், படிந்த கசடு வந்த வழியே திரும்பும். பிறகு திசையை மாற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை தொடர வேண்டும். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் அடித்தால் கோர் கிழிந்துவிடும். அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரலாம்.

கடைசியாக டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவில் கலந்து நிரப்பி, ஏர் லாக் எடுக்க வேண்டும். வழக்கமான எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டை இப்படிக் கலந்தால், மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீரோ 0 டிகிரியிலேயே உறைந்து விரியும். இன்ஜின் பிளாக்கே வெடிக்கலாம். வடித்த கூலன்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் வாய் வைத்துவிடும் ஆபத்து உண்டு. அதைத் தரையில் கொட்டக் கூடாது.

யார் பொறுப்பு?

ஹீட்டர் இல்லாத கேபினில் குளிர் தாங்காமல் ஸ்டவ்வோ கரி அடுப்போ பற்றவைப்பது உயிரைப் பறிக்கும். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டாலும், சைலன்சர் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால், ஏற்கெனவே சாலையில் ஓடும் லாரிகளில் இருக்கும் ஹீட்டரைப் பராமரிக்க எந்த அறிவிப்பும் தேவையில்லை. டயர், பிரேக், பர்மிட் பார்த்து வண்டியை அனுப்பும் உரிமையாளர்கள், வடக்கே போகும் வண்டிக்குக் கூலன்ட்டையும் ஹீட்டரையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். "போற வழியில பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் செலவை, கடைசியில் குளிரில் நடுங்கிக் கட்டுவது டிரைவரும் கிளீனரும்தான்.