பொறி பேசும் மொழி எது?

நகர்மன்றம் ஒன்று வண்டி நிறுத்த இசைவுக்கென மின்னியல் அமைப்பொன்றை விலைக்கு வாங்க முனையும்போது எழும் வினாக்கள் இரண்டே. விலை என்ன? வருவாய் எவ்வளவு? அப்பொறி எம்மொழியில் பேசும் என்னும் மூன்றாம் வினாவை எழுப்புவார் அரியர். அதன் விளைவைச் சுமப்பவரோ மன்றத்தார் அல்லர். தெருவில் வண்டியை நிறுத்தும் குடிமக்களே.

முன்பு இசைவு என்பது கண்ணாடியில் ஒட்டிய ஒரு தாள். ஐயமுற்றவர் அங்கு நின்ற பணியாளரைக் கேட்டறிவர். மின்னியல் முறையில் தாளும் இல்லை, ஆளும் இல்லை. வண்டியின் பதிவெண்ணே இசைவாகிறது. படக்கருவியோ கையடக்கப் பொறியோ அதனைப் படித்துக் கணிப்பொறிப் பட்டியலோடு ஒப்புநோக்கும். இசைவு பெறுதலும், புதுப்பித்தலும், தண்டத்தை எதிர்த்து முறையிடுதலும் திரையிலேயே நிகழும். அத்திரையின் ஒரு சொல் விளங்காதவர் தண்டம் கட்டுவார். ஆதலால் திரையின் மொழி ஒப்பனைக்குரியதன்று. கைக்காசுக்கும் உரிமைக்கும் உரியது.

இவ்வுண்மையைப் போராடி நிலைநாட்டிய சிறு நாடு வேல்சு. 1952ஆம் ஆண்டு இலாங்கென்னெக்கு என்னும் ஊரில் எய்லீன் பீசிலி, திரெவர் பீசிலி என்னும் இணையர், உள்ளாட்சி வரித்தாள் வேல்சு மொழியில் வந்தாலன்றி வரி கட்டோம் என்றனர். இலானெல்லி ஊரக மன்றம் அவர்களைப் பன்முறை வழக்குமன்றம் ஏற்றியது. வீட்டுப் பொருள்கள் பறிமுதலாயின. அவ்விருவரும் அசைந்தாரில்லை. 1960இல் மன்றமே பணிந்து இருமொழித் தாளை அனுப்பியது.

அன்று ஒரு குடும்பம் கேட்டது பின்னர் நாட்டின் சட்டமாயிற்று. 2011இல் வேல்சு மொழிச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி 2015இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள், மன்றங்கள் வைக்கும் தற்பணிப் பொறிகள் வேல்சு மொழியில் முழுமையாக இயங்கவேண்டும் என்கின்றன; ஆங்கிலத்தினும் தாழ்வாக அம்மொழியை நடத்தலாகாது என்கின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு அம்மொழி பேசுவோர் 5 இலக்கத்து 38 ஆயிரவர், நூற்றுக்கு 17.8 விழுக்காட்டினர். அத்துணைச் சிறுபான்மையர் பெற்ற உரிமை அது!

அங்கும் ஓர் ஓட்டை உண்டு. தனியார் நடத்தும் வண்டி நிறுத்தங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. 2020இல் இலாங்கிரானொகு என்னும் கடற்கரையூரில் மொழிப்போராளி ஒருவர்க்குத் தனியார் நிறுவனம் ஆங்கிலத்தில் மட்டும் தண்டத்தாள் அனுப்பிற்று. அவர் கட்ட மறுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. சட்டம் சொல்லாத இடத்தில் வணிகர் தாமாக மொழியுரிமை வழங்கார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனித் தமிழ்நாட்டை நோக்குக. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956ஆம் ஆண்டினது. 2011 கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கத்தவர். 2015இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் இந்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன. மின்னியல் வண்டி நிறுத்தமும் அத்திட்டம் முன்வைத்த பணிகளுள் ஒன்று. அத்திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தது. பொறிகள் வாங்குவது முடியவில்லை.

கணிப்பொறிக்குத் தமிழ் வாராது என்பர் சிலர். ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே உள்ளது. செலவு மிகும் என்பர் வேறு சிலர். வாங்கியபின் மாற்றினால் மிகும். வாங்குமுன் கேட்டால் விலையிலேயே அடங்கும். எண்ணைப் படிக்கத் தமிழ் எதற்கு என்பாரும் உளர். பதிவெண் பலகையின் எழுத்துகள் ஆங்கிலத்திலேயே இருக்கவேண்டும் என்று நடுவணரசின் 1989ஆம் ஆண்டு ஊர்தி விதிகள் முன்னரே கட்டிவைத்துவிட்டன. பலகையில் இடமிழந்த தமிழுக்குத் திரையிலும் இடமில்லை எனில், எஞ்சுவது யாது?

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே மூன்று கட்டளைகள் இடம்பெறல் வேண்டும். திரையும் செயலியும் தமிழிலேயே திறத்தல் வேண்டும். பிறமொழி வேண்டுவோர் தெரிந்துகொள்க. பற்றுச்சீட்டும் தண்டத்தாளும் தமிழில் வரல் வேண்டும். முறையீட்டைத் தமிழில் ஏற்றுத் தமிழிலேயே விடையளித்தல் வேண்டும். குத்தகை எடுக்கும் தனியார்க்கும் இவை பொருந்தும் என எழுதி, மீறினால் தொகையைப் பிடித்தல் வேண்டும்.

பொறி தன் விருப்பில் எம்மொழியும் பேசாது. வாங்குவோர் எழுதிக் கேட்ட மொழியையே பேசும். எழுதிக் கேளாத மன்றம் ஆங்கிலத்தையே கேட்டதாகும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளிவருமுன் தம் வட்டத்து உறுப்பினரின் வாயில் சென்று தமிழர் இவ்வினாவை எழுப்புக! வேல்சு நாட்டுச் சிற்றூரில் இருவர் எட்டாண்டு நின்றனர். தமிழர்க்கு ஒரு நாள் சென்று கேட்கவும் கால் எழாதோ?