‘நாடகக்காரி’ என்று திட்டும் தோழருக்கு

சில வாரங்களுக்கு முன் காட்டூரில் ஒரு கூட்டம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வந்தால் பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் ஊர்கள் என்னவாகும் என்று பேசிக்கொண்டிருந்தோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்து, “சங்கத்துல எங்களுக்கு ஏன் இடமில்ல?” என்று கேட்டார். கேட்கும்போதே அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த தோழர், கையில் அம்பேத்கரைப் பச்சை குத்தியிருப்பவர், “சரியான நாடகக்காரி” என்றார். நானும் சும்மாதான் இருந்தேன்.

பழைய நாடகங்களை ஆய்வுக்காகப் படிப்பவன் நான். அந்த வசைக்குப் பின்னால் இருக்கும் சாதிக் கதை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கால மேடையின் கெட்ட பெண் பெரும்பாலும் தாசி. காசி விசுவநாத முதலியாரின் ‘டம்பாச்சாரி விலாசம்’ தாசிகளிடம் சொத்தை இழக்கும் பணக்காரனின் கதை. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வில் வசந்தசேனை அரசனை மயக்கி, அரசியையும் இளவரசனையும் வதைக்கிறாள். சமஸ்கிருத ‘மிருச்சகடிக’த்தின் வசந்தசேனையோ ஏழை சாருதத்தனைக் காதலிக்கும் நல்ல கணிகை. அதே பெயர் தமிழ் மேடையில் கொடுமைக்காரியின் பெயரானது. 1954இல் கலைஞர் வசனத்தில் வந்த திரைப்படம் அவளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனைவியைத் தள்ளிவைத்த அரசன் மட்டும் ‘ஏமாந்தவன்’ என்று மன்னிக்கப்படுகிறான்.

இவளை மேடையில் நடித்தது யார்? பம்மல் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, வக்கீல்களும் அதிகாரிகளும் நிறைந்த சபை. அங்கே பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாலர் சபைகளில் சிறுவர்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திப் புகழ்பெற்றிருந்த காலமும் அதுதான். தாசிகள் பாடவும் ஆடவும் தெரிந்த பெண்கள். ‘கண்ணிய’மான சபை அவர்களை மேடைக்குள் விடவில்லை, கதைக்குள் வில்லியாக்கியது. பொட்டுக்கட்டிய கோயிலும், அவர்களை வைத்திருந்த மிராசுதாரும், அதை அவர்களின் குலத்தொழில் என்ற சாதியும் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை.

நம் இயக்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து சுயமரியாதை இயக்கத்தில் உழைத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ எழுதினார். தலைப்பைப் பார்த்தால் பழைய கதைதான். ஏமாற்றும் தாசிகளும் உள்ளே உண்டு. ஆனால் அந்த முறையை ஒழிக்கக் கிளம்புகிறவர்களும் அதே குலத்துப் பெண்கள்தான். அவர்களுக்கு வாயும் மூளையும் அரசியலும் இருந்தன. 1947இல் பொட்டுக்கட்டுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வசைச்சொல்லுக்கு மட்டும் தடை வரவில்லை. இன்றைக்கும் எதிர்க்கட்சிப் பெண் தலைவரைக் கேலி செய்ய நம் பக்கத்து மீம்களும் முதலில் அவருடைய ‘நடத்தை’யைத்தான் தேடுகின்றன. ‘கூத்தாடி’ என்று சொல்லிச் சிரிக்கிறோம். கூத்தாடியது யார், எந்தச் சாதி என்று யோசிப்பதில்லை.

சாதி எதிர்ப்பு பேசுகிற வாயில் சாதி செய்துகொடுத்த வசை எப்படித் தங்குகிறது, தோழர்? ஒரு பெண் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே கேட்டாலும் அது கேள்விதான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை. அவர் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. சங்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு இடம் உண்டா, இல்லையா? அதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைப்போம். அதற்கு முன் நீங்களும் நானும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.