கொழுந்தனுக்கு ஒரு கையெழுத்து

தக்கலை பஸ் ஸ்டாண்டை ஒட்டி நின்று டீ குடித்தால் கண்ணில் படுகிற தட்டிகளில் பாதி வெளிநாட்டைப் பற்றியதுதான். நர்சிங் படிப்பு, ஜெர்மன் வகுப்பு, குவைத்துக்கு ஆள் எடுப்பு. நம் தோழர்கள் அதைப் பார்த்து 'உலகமயமாக்கல்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். வெளிநாடு போவது நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம், நமக்கு நிலம் இருக்கிறது, வன்கொடுமை வழக்கு இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது என்கிற நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்கா மகள் போன் பண்ணுகிற வரைக்கும்.

அவள் அமெரிக்காவில் நர்ஸ். எங்கள் அக்கா அண்டியாபீஸில் அண்டி தல்லிப் படிக்க வைத்த பிள்ளை. வறுத்த அண்டியின் எண்ணெய் பட்டு அக்காளுடைய விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் ரேகையே இல்லாமல் இருக்கும். மகள் 2006-இல் விமானம் ஏறினாள், 2011-இல் குடியுரிமை வாங்கினாள், பத்து வருஷம் பணம் அனுப்பி வீடு கட்டி, அப்பனுக்கு வைத்தியம் பார்த்து, 35 வயதில் 2016-இல் கல்யாணம் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் சீதனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சபையே அவர்களைப் பாராட்டியது. நானும் மேடையேறிப் பேசினேன். புத்தி!

போனில் அவள் கேட்டது இதுதான்: "மாமா, அவிய தம்பிமார் ரெண்டு பேருக்கும் தங்கச்சிக்கும் மனு போடணும்னு சொல்லுகாவ. பணம் நான் கட்டணும். நாளைக்கு அவங்க வரும்போ கையெழுத்தும் நான்தான் போடணும். சரின்னு சொல்லட்டா?"

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் தன் கணவன் அல்லது மனைவியையும், பெற்றோரையும், 21 வயது ஆகாத பிள்ளைகளையும் எண்ணிக்கை வரம்பு இல்லாமல் வரவழைக்கலாம். வளர்ந்த பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் வரிசையில் நிற்கவேண்டும். மாமியாருக்கோ கொழுந்தனுக்கோ மருமகள் மனுப்போட முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அவளுக்குச் சொந்தமே அல்ல. ஆனால் அவள் போட்ட மனுவில் வந்த புருஷன், குடியுரிமை உள்ளவரோடு சேர்ந்து வாழ்ந்த கணக்கில் 5 வருஷத்துக்குப் பதில் 3 வருஷத்தில் குடியுரிமை வாங்கித் தன் பேரில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மருமகன் 2022-இல் வாங்கினார். 2024-இல் அவருடைய அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அடுத்த சுற்று.

மனு அவர் பேரில். வருமானம் யார் பேரில்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வருகிறவர் அரசாங்கத்துக்குச் சுமையாக மாட்டார் என்று மனுப்போட்டவர் ஒரு பொறுப்புப் பத்திரம் எழுதிக்கொடுக்கவேண்டும். வறுமைக்கோடு என்று அவர்கள் வைத்திருக்கிற தொகையில் 125 சதவீதம் வருமானம் காட்டவேண்டும், அதுவும் வருகிறவர்களின் தலையையும் சேர்த்து எண்ணி. எங்கள் மருமகன் ஒரு கடையில் பில் போடுகிறார். அவர் சம்பளம் தேறாது. எனவே மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். 1996-இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு இது வெறும் காகிதமல்ல. கோர்ட்டில் செல்லும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை வாங்குகிற வரை, அல்லது ஏறத்தாழ 10 வருஷ உழைப்புக் கணக்கு அவர் பேரில் சேருகிற வரை, அல்லது அந்த நாட்டை விட்டே போகிற வரை, அல்லது சாகிற வரை அது கட்டுப்படுத்தும். விவாகரத்து ஆனாலும் கட்டுப்படுத்தும். புருஷன் போய்விடுவான், கொழுந்தனுக்கான பொறுப்பு போகாது.

வேண்டாம் என்று சொன்ன சீதனம் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நகையாகக் கேட்டிருந்தால் 50 பவுனோடு முடிந்திருக்கும்.

இந்தக் காகிதத்தைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்கு இன்னொரு காகிதம் ஞாபகம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் சனங்களைக் கங்காணிகள் கூட்டிப்போன காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பேரில் இருக்கிற கடனை எழுதின சீட்டு. எந்தத் தோட்டம் அந்தக் கடனை அடைக்கிறதோ அந்தத் தோட்டத்துக்கு ஆள் கை மாறுவான். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். கங்காணி ஆள் பிடித்ததும் குடும்பம் குடும்பமாகத்தான், சொந்தத்துக்குள்ளேதான். அண்ணன் போனான், தம்பியைக் கூப்பிட்டான், மச்சானைக் கூப்பிட்டான். இன்றைக்கு நியூ ஜெர்சியில் நடப்பதைச் 'சங்கிலிக் குடியேற்றம்' என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள், நூறு வருஷத்துக்கு முன்பே பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அந்தச் சங்கிலியில் கண்டிக்கும் அப்புத்தளைக்கும் போனதை இதோடு சேர்த்து எண்ணுவதில்லை. அது 'கூலி ஏற்றுமதி'யாம். இது 'குடும்ப ஒன்றிணைப்பு'.

அந்தக் குடும்பங்களை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்குபோட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-இல் பாதிப் பாதி. கல்யாணமான பிள்ளைக்குத் தனி விண்ணப்பம், அப்பனுக்குத் தனி விண்ணப்பம். அப்பன் இந்தியா, மகன் இலங்கை என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. நம் மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற தாயகம் திரும்பியோர் வீட்டில் போய்க் கேளுங்கள். வளர்ந்த பிள்ளை, வளர்ந்த தம்பி, வளர்ந்த தங்கை எல்லாம் குடும்பமா இல்லையா என்று முடிவு செய்கிற அதிகாரம் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. வளைகுடாவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். அங்கே குறைந்த சம்பளக்காரனுக்குக் குடும்ப விசாவே கிடையாது. இருபது வருஷம் கம்பி கட்டினாலும் பெண்டாட்டி தக்கலையில்தான்.

அமெரிக்காக்காரன் நம்மவர்களுக்காகக் கதவு திறந்த கதையும் சுவாரசியமானது. 1923-இல் பகத் சிங் திந்த் என்கிற சீக்கியர், அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். என்ன வாதம்? தான் உயர்சாதி ஆரியன், எனவே வெள்ளைக்காரன். அமெரிக்கன் கறுப்பரிடம் பெண் எடுக்காதது மாதிரி உயர்சாதி இந்துவும் ஆதிகுடிகளிடம் சம்பந்தம் வைப்பதில்லை என்றுகூட அந்த வாதத்தில் இருந்தது. வழக்கு தோற்றது. ஆனால் சாதியை விசாவுக்குத் தகுதியாகக் காட்டுகிற புத்தி அப்போதே கப்பல் ஏறிவிட்டது, பாருங்கள். 1946-இல் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 இடம் கொடுத்தார்கள். 1965-இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. அதில் அதிகப் பங்கு, நூற்றுக்கு 24, கூடப்பிறந்தவர்களுக்கு. சொந்தக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் ஐரோப்பியர்களே திரும்பத் திரும்ப வருவார்கள், நிறம் மாறாது என்று சிலர் போட்ட கணக்கு அது. கணக்குத் தப்பியது. ஐரோப்பியன் வரவில்லை; இந்திய டாக்டரும் இன்ஜினியரும் வந்து, தம்பியையும் தங்கையையும் கூப்பிட்டார்கள்.

யார் அந்த டாக்டர், இன்ஜினியர்? 2003-இல் எடுத்த ஒரு கணக்கில் அங்கே குடியேறிய இந்தியர்களில் தலித்துகளும் கீழ்ச்சாதி எனப்படுவோரும் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? முதல் கண்ணி எந்தச் சாதியோ அந்தச் சாதிதான் கடைசிக் கண்ணி வரைக்கும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916-இல் நியூயார்க்கில் கட்டுரை வாசித்தார். அந்த ஊருக்கு அவர் 1913-இல் போனது பெரியப்பா போட்ட மனுவில் அல்ல, பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில். விசாச் சட்டம் சாதி கேட்பதில்லை. 'உன் சொந்தம் யார்' என்று மட்டும் கேட்கிறது. இந்தியாவில் இரண்டும் ஒரே கேள்விதான்.

ஆக இந்த வரிசையையே ஒழிக்கலாமா? டிரம்ப் 2017-இல் அதைத்தான் சொன்னார். கூடப்பிறந்தவர் பிரிவையே எடுத்துவிடும் மசோதாவை ஆதரித்தார். அடுத்த வருஷம் 2018 ஆகஸ்டில் அவருடைய மாமனாரும் மாமியாரும், மகள் போட்ட மனு வழியாகப் போனவர்கள், குடியுரிமைப் பிரமாணம் எடுத்தார்கள். தன் பெண்டாட்டியின் சொந்தம் சொந்தம், ஊரான் சொந்தம் சங்கிலி. அந்தக் கூட்டத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எவனோ ஏறிப்போன ஏணியை, நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தி முதல் படியில் கால் வைக்கும்போது உடைக்கச் சொல்வதற்கு நாம் என்ன பைத்தியமா?

நான் கேட்பது வேறு. அந்த ஏணியில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்கிறவர் யார்? கேரளத்து நர்சுகளைப் பற்றி ஷீபா ஜார்ஜ் 2005-இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண் முதலில் போகிறாள், புருஷன் பின்னால் போகிறான், சம்பாத்தியம் அவள் கையில். போன இடத்தில் சர்ச்சுப் பதவிகளைப் பிடித்து ஆண்கள் தங்கள் கௌரவத்தைச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் சர்ச்சுப் பதவிக்குப் பதில் விசா மனு. தலித் ஆண் ஆதிக்கம் செலுத்த நிலமா இருக்கிறது, ஆபீஸா இருக்கிறது? பெண்டாட்டியின் கையெழுத்து இருக்கிறது. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

அவளிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "மக்களே, 2011-ல உனக்குக் குடியுரிமை வந்துதே, உன் தங்கச்சிக்கு மனு போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னாள்: "அது முடியும்னே எனக்குத் தெரியாது மாமா. கல்யாணத்துக்குப் பொறவு கேட்டேன். முதல்ல நம்ம வீட்டுக் காரியம்னு சொல்லிட்டாவ."

நம்ம வீடு! கூடப்பிறந்தவர் வரிசையில் வருஷத்துக்கு உலகம் முழுமைக்கும் சுமார் 65,000 இடம், ஒரு நாட்டுக்கு நூற்றுக்கு 7 என்று உச்சவரம்பு வேறு. 2025-இல் இந்தியர்களில் 2006-இல் மனுப்போட்டவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2011-இல் போட்டிருந்தால் 14 வருஷ வரிசை கழிந்திருக்கும். தங்கச்சிக்கு இப்போது 38 வயது, புருஷன் இல்லை, அம்மா இருந்த அதே அண்டியாபீஸில் வேலை. இனிப் போட்டால் போய்ச்சேரும்போது கிழவி ஆகியிருப்பாள். ஒன்பது வயது மகன் 21 தாண்டி, அம்மாவோடு போகும் தகுதியை இழக்கலாம். வரிசை வேகமாக நகரும் என்று நான் அவர்களுக்கு ஆசை காட்டவில்லை. என்றாலும் மனுவை முதலில் தங்கச்சிக்குப் போடு, கொழுந்தன்மாருக்கு உன் புருஷன் தன் சம்பளத்தில் பணம் கட்டட்டும், பொறுப்புப் பத்திரத்தை அந்த நாள் வரும்போது நீயே வாசித்து நீயே முடிவெடு என்றேன். வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கைவைக்காதே என்றும் சொன்னேன்.

சரி என்றாள். அப்போதுதான் அடுத்த கூத்து. இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் என்று நிரூபிக்கவேண்டும். இருவர் சான்றிதழிலும் அப்பா பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். அக்கா மகளுடைய பள்ளிச் சான்றிதழில் அப்பாவுக்கு ஞானஸ்நானப் பெயர். தங்கச்சியைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பாவுக்கு இந்துப் பெயர். ஏன் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டாம். 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தது, 1990-இல் பௌத்தரைச் சேர்த்தது. கிறிஸ்தவன் இன்னும் வெளியே. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது அவரை அழைத்துவந்தவர் வேதமாணிக்கம் என்கிற சாம்பவர். அவர் வழியில் போன சனத்துக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு, ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர். ஸ்டைப்பண்டுக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று. விசா ஆபீசர் ஒரு பெயர்தான் கேட்பார்.

தங்கச்சி வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியவே இல்லை. இப்போது காலதாமதப் பதிவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நடக்கிறாள். ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. பக்கத்து வீட்டார் சாட்சி இரண்டு வேண்டுமாம், இன்னாருக்கு இன்னார் மகள் என்று சொல்ல. ஒன்று நான். இன்னொன்று, அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் அண்டி தல்லின கிழவி. விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை மை தொட்டு வைத்தாள். ரேகை விழவில்லை.