கவிதை படித்த உளவுத் தலைவர்

கவிதை படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் ஜேம்ஸ் ஜீசஸ் ஆங்கிள்டனின் கதையைச் சொல்வேன். கவிதைக்குப் பெருமை சேர்க்கிற கதை அல்ல.

சி.ஐ.ஏ.வின் எதிர் உளவுப் பிரிவுக்கு 1954 முதல் 1974 வரை தலைவராக இருந்தவர் ஆங்கிள்டன். அதற்கு முன்பு அவர் சிற்றிதழ்க்காரர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நண்பர் ரீட் விட்டமோருடன் சேர்ந்து 1939இல் ‘ஃபியூரியோசோ’ இதழைத் தொடங்கினார். எஸ்ரா பவுண்டும் கம்மிங்ஸும் அதில் எழுதினார்கள். போர் வந்தது. லண்டனில் அமெரிக்க எதிர் உளவை நடத்தியவரும் யேலின் இலக்கியப் பேராசிரியர்தான்: நார்மன் ஹோம்ஸ் பியர்சன். கவிஞர் எச்.டி.யின் நெருங்கிய நண்பர். அவருக்குக் கீழே ஆங்கிள்டன் தொழில் பழகினார்.

கவிதை வாசிப்புக்கும் உளவுக்கும் உள்ள இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல. சொல்லுக்குள் சொல் தேடும் வாசிப்பு அன்று இலக்கிய வகுப்புகளை ஆண்டது. பொருள்மயக்கத்தில் ஏழு வகை உண்டு என்று வில்லியம் எம்ப்சன் 1930இலேயே புத்தகம் போட்டிருந்தார். பிடிபட்ட எதிரி உளவாளி அனுப்பும் தந்தியையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: பேசுவது யார், யாருக்காக, இந்தச் சொல் ஏன் இப்போது? போரில் இது பலன் தந்தது.

அமைதிக்காலத்தில் அதுவே வினையானது. 1961இல் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யிலிருந்து தப்பி வந்த கோலிட்சின், தனக்குப் பின்னால் வருபவர்கள் அந்த அமைப்பு அனுப்பிய போலிகள் என்றார். ஆங்கிள்டன் நம்பினார். 1964இல் அதே அமைப்பிலிருந்து வந்த யூரி நொசென்கோவைப் போலி என்றே சந்தேகித்தார்கள், சி.ஐ.ஏ. அவரை நீதிமன்ற வழக்கு எதுவுமின்றி மூன்றாண்டுகளுக்கு மேல் அடைத்துவைத்தது. அவர் சொன்னது பொருந்தினால் அது தேர்ந்த நடிப்பு, பொருந்தாவிட்டால் பொய். பிறகு அதே நிறுவனம் அவர் உண்மையானவர்தான் என்று ஏற்று, நஷ்டஈடும் கொடுத்தது.

இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர், வாஷிங்டனில் தன்னோடு அடிக்கடி மதிய உணவு சாப்பிட்ட பிரிட்டிஷ் உளவுத்துறை நண்பர் கிம் ஃபில்பியைப் படிக்கத் தவறினார். ஃபில்பி மாஸ்கோவின் ஆள். 1963இல் அங்கேயே ஓடிப்போனார்.

கவிதைக்கு எத்தனை பொருள் சொன்னாலும் அது மறுத்துப் பேசாது. யாருக்கும் நஷ்டமும் இல்லை. மனிதன் அப்படியல்ல. ‘உன் வாசிப்பு தவறு’ என்று நொசென்கோ ஆண்டுக்கணக்கில் சொன்னார். அதையும் ஒரு வரியாகவே படித்தார்கள். குற்றம் கவிதையுடையது அல்ல. எந்தச் சான்று வந்தால் தன் முடிவைக் கைவிடுவார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாத வாசகருடையது. அப்படிப்பட்டவரை விமர்சகராக வைத்துக்கொள்ளலாம், அதிகாரியாக வைக்கக் கூடாது.