எழுதுகிறோம், படிப்பவர் எங்கே?

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் பத்திரிகை அலுவலகமே பெரிய மதிலாக இருந்தது. கதையை எழுதி, தபால் தலை ஒட்டிய உறையும் சேர்த்து அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருக்க வேண்டும். பல நேரம் கதைதான் திரும்பி வரும். இன்று அந்த மதில் இல்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து செல்போனில் தட்டினால், அடுத்த நிமிடமே அது உலகம் முழுவதும் கிடைக்கிறது.

ஆனால், கிடைப்பது வேறு, படிக்கப்படுவது வேறு. முதல் வாரம் நண்பர்கள் பத்துப் பேர் 'லைக்' போடுவார்கள். இரண்டாம் வாரம் நாலு பேர். மூன்றாம் மாதம் எழுதியவரே சோர்ந்து நிறுத்திவிடுவார். இணையத்தில் எழுதப் புகும் பலருக்கு நேர்வது இதுதான். அப்படியானால் புதிதாக எழுதுகிறவர் தமக்கென்று வாசகரைத் தேடிக் கொள்வது எப்படி?

கூட்டமும் வாசகரும்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். கூட்டம் வேறு, வாசகர் வேறு. ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் கூட்டம். அடுத்த வாரமும் தேடி வருகிறவரே வாசகர்.

1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா சென்னையில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 2,000 பிரதிகளுக்கு மேல் போவதில்லை என்று அறிவித்துவிட்டே தொடங்கினார். அந்த எல்லையையும் அது எட்டவில்லை. பிறகு புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். செல்லப்பாவுக்குப் பணம் மிஞ்சவில்லை. 1970-ல் பத்திரிகையும் நின்றது. ஆயினும் தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது அந்தச் சில நூறு வாசகர்களிடையேதான். எண்ணிக்கை சிறிதாயினும் வாசகர் உறுதியானவராக இருந்தால் எழுத்து நிலைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாள் தவறாமை

இணைய காலத்திலும் இதே பாடம் வேறு உருவில் கிடைக்கிறது. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் நாவல் வரிசையாகத் தமது இணையதளத்தில் எழுதினார். 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார். நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே சிறு இடைவெளி தவிர, நாளுக்கு ஓர் அத்தியாயம். மொத்தம் 26 நாவல்கள். அவர் முன்பே பெயர் பெற்றவர் என்பது உண்மை. எனினும், காலையில் எழுந்ததும் அந்த அத்தியாயத்தைத் தேடும் பழக்கத்தை வாசகரிடம் உண்டாக்கியது அவரது பெயர் மட்டுமல்ல, நாள் தவறாமையும்தான்.

புதியவர் தினமும் எழுத வேண்டியதில்லை. வேலைக்குப் போய் வருகிறவரால் அது முடியவும் முடியாது. ஞாயிறு என்றால் ஞாயிறு. அந்த நாளைத் தவறவிடக் கூடாது. பால்காரர் நேரம் தவறினால் வாடிக்கை போய்விடும். எழுத்துக்கும் அதே கணக்குதான்.

பிறர் திண்ணை

மூன்றாவது செய்தி, எச்சரிக்கை. பேஸ்புக், யூடியூப் போன்றவை நமக்குச் சொந்தமான இடங்கள் அல்ல. பிறர் வீட்டுத் திண்ணைகள். யாருடைய எழுத்தை யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் முறையை மாற்றியது. உறவினர், நண்பர் பதிவுகளுக்கு முதலிடம் என்றும், பத்திரிகைகளும் நிறுவனங்களும் நடத்தும் பக்கங்கள் இனிக் குறைவாகவே தெரியும் என்றும் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் பக்கம் நடத்தியவர்கள் திகைத்துப் போனார்கள். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றுள் ஒன்றான டிக்டாக்கில் லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்களும் ஒரே இரவில் வெறுங்கையர் ஆனார்கள். 2004-ல் தொடங்கி, தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய 'தமிழ்மணம்' பிற்காலத்தில் ஓய்ந்தபோது, அதன் வழியே வந்த வாசகர்களும் சிதறினார்கள்.

ஆகவே திண்ணையில் உட்காரலாம். அதை வீடென்று நம்பக் கூடாது. விரும்பிக் கேட்கிறவர்களின் மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் எண்களை அவர்கள் சம்மதத்துடன் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது. திண்ணை போனாலும் அந்தப் பட்டியல் கையில் இருக்கும். எழுதியதற்குத் தனிப் பிரதி ஒன்று வைத்திருப்பதும் அவசியம்.

மும்பை வாசகர் யார்?

இனி நம் ஊருக்கு வருவோம். மும்பையில் எழுதும் தமிழர் யாருக்காக எழுதுவது? சென்னையில் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். சென்னை சினிமாவையும் சென்னை அரசியலையும் இங்கிருந்து எழுதினால், அது கடைசி வரிசையில் நின்று கூவுவதாகவே முடியும்.

தாராவி இளைஞர்களின் 'டோபடெலிக்ஸ்' என்ற ராப் பாட்டுக் குழு வேறு வழியில் போனது. தங்கள் சந்தின் வாழ்க்கையைத் தங்கள் வாய்மொழியிலேயே பாடி யூடியூபில் போட்டார்கள். தாராவியைக் களமாகக் கொண்டு பா.இரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த 'காலா' 2018-ல் வந்தபோது, அதன் பாடல்களில் இவர்கள் குரலும் ஒலித்தது. சினிமாவைத் தேடி இவர்கள் வேஷம் மாறவில்லை. இவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது ஒன்று இருந்ததால் சினிமா இவர்களைத் தேடி வந்தது.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவிட்டார்கள். ஆங்கிலம், மராத்தி, இந்தி வழியில் படித்தவர்கள். எழுதியதை ஐந்து நிமிடம் வாசித்து ஒலிப்பதிவாகவும் அனுப்பினால் அவர்களும் வாசகராவார்கள். செம்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போகும் குமாஸ்தாவுக்கும் அது வசதி.

காத்திருக்கும் வேலை

எழுதப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாராவி மறுசீரமைப்பு திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலக் கேட்புக்குப் போயிற்று. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத் தளத்தில் குடியிருப்போருக்கு ஒரு விதி. அதற்குப் பின் வந்தோருக்கு ஒரு விதி. மாடியில் இருப்போருக்கு வேறொரு விதி. மூன்று தலைமுறையாக இங்கே வாழும் நம் குடும்பங்களின் வீடும் பட்டறையும் இந்த விதிகளில் அடங்கியுள்ளன. எந்தத் தாளைக் காட்ட வேண்டும், பெயர் விட்டுப்போனால் யாரிடம் முறையிட வேண்டும் என்பதை மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு எளிய தமிழில் சொல்பவர் வேண்டும். அப்படிச் சொல்பவருக்கு வாசகர் கிடைக்காமல் போவாரா?

ஆனால் அதில் பொறுப்பும் உண்டு. டீக்கடையில் கேட்டதை எழுதிவிடக் கூடாது. அரசு ஆணையைப் படித்து, விவரம் அறிந்தவரிடம் கேட்டு, தேதியோடு எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் மறுநாளே திருத்தம் போட வேண்டும். ஒரு தவறான தேதி ஒரு குடும்பத்தின் வீட்டைப் பறித்துவிடலாம். அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் வாசகர் திரும்பி வருவதில்லை.

எழுத்தால் உடனே வருமானம் வரும் என்று நினைத்து வேலையை விடுவது விவேகமல்ல. முதல் ஆண்டில் ஐம்பது பேர் தொடர்ந்து படித்தால் அது நல்ல தொடக்கமே. அந்த ஐம்பது பேரில் ஒருவர், "நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன், தம்பி" என்று சொன்னால், லட்சம் 'லைக்'குகளும் அதற்கு ஈடாகாது.