செஞ்சியும் சரயேவோவும் – ஒரு புலம்பல்

முதல்ல ஒரு விளக்கம். எங்க ஊரு வாலாஜாபாத். ராணிப்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கிற வாலாஜாபேட்டை இல்லைங்க. ரெண்டு ஊருக்குமே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா பேருதான். இந்த விளக்கத்தை இதுவரைக்கும் எத்தனை பேருக்கு சொல்லியிருப்பேன்னு கணக்கே கிடையாது. சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரகடத்துல கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் கம்பெனி வேலையா ஜெர்மனி போனவர், அப்படியே நாலு நாள் லீவு போட்டுட்டு போஸ்னியாவோட தலைநகரம் சரயேவோவையும் பார்த்துட்டு வந்தார். சாப்பாட்டு நேரத்துல போட்டோ போட்டோவா காட்டினார். சுத்தி மலை, நடுவுல ஆறு, ஆத்தங்கரை முழுக்க ஊரு. துருக்கிக்காரங்க காலத்து கடைத்தெரு ஒரு பக்கம், நாலு எட்டு வச்சா ஆஸ்திரியாக்காரங்க கட்டின மாளிகைங்க. 1914-ல ஆஸ்திரிய இளவரசரை சுட்டுக் கொன்னு முதல் உலகப் போருக்கு திரி கொளுத்தின இடமும் அங்கதான்.

ஆனா அவரை உலுக்கிப் போட்டது அது இல்லையாம். 1992 ஏப்ரல்ல இருந்து 1996 பிப்ரவரி வரைக்கும் அந்த மலைங்க மேலேயே பீரங்கியை வச்சு ஊரை முற்றுகை போட்டிருக்காங்க. 1,425 நாள். அழகு காட்டுற அதே மலைதான் எமனாவும் நின்னிருக்கு. விமான நிலையத்துக்கு அடியில சுமார் 800 மீட்டருக்கு சுரங்கம் தோண்டி, அது வழியாத்தான் சோறும் மருந்தும் உள்ள போச்சு. குண்டு விழுந்து ஜனங்க செத்த இடங்கள்ல தரையில இருக்கிற பள்ளத்தை சிவப்பு பிசின் ஊத்தி அப்படியே வச்சிருக்காங்க. 'சரயேவோ ரோஜா'ன்னு பேரு.

எல்லாம் சொல்லிட்டு நண்பர் ஒரு பெருமூச்சு விட்டார். "நம்ம பக்கம் இந்த மாதிரி ஒண்ணு உண்டா சார்? மலை சூழ்ந்த தலைநகரம், முற்றுகை, சரித்திரம்...?"

"ஏன் இல்ல, செஞ்சி இருக்கே" என்றேன்.

"அட, தேசிங்கு ராஜா கோட்டை. காலேஜ்ல பிக்னிக் போனோம்" என்று சொல்லிட்டு தயிர்சாதத்துக்குத் திரும்பிட்டார்.

அந்த 'பிக்னிக்'தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பத்தாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிக்கிட்டு கிளம்பினேன். பாலாத்தைத் தாண்டி உத்திரமேரூர், வந்தவாசி, அப்புறம் செஞ்சி. சுமார் நூறு கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் சேர்த்து கட்டின மதில் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். அந்த முக்கோணத்துக்குள்ளதான் தலைநகரம் இருந்துச்சு. இப்ப அங்கே கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி எல்லாம் நிக்குது. ஜனங்கதான் இல்ல.

1597-ல பிமெண்டான்னு ஒரு போர்ச்சுக்கீசிய பாதிரியார் நாயக்கர் ஆட்சியில இருந்த இந்த ஊருக்கு வந்திருக்கார். இந்தியாவுல தான் பார்த்ததுலயே பெரிய நகரம் இதுதான், போர்ச்சுகல்ல லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் கிடையாதுங்கிற அர்த்தத்துல எழுதி வச்சிருக்கார். யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஒரு ஐரோப்பியர் தன்னோட தலைநகரத்தை செஞ்சியோட பக்கத்துல வச்சு அளந்து பார்த்திருக்கார். நாம இன்னைக்கு செஞ்சியை தயிர்சாதத்தோட அளக்கிறோம் :-)

முற்றுகை கணக்குக்கு வருவோம். 1689-ல ராயகட்டை மொகலாயர் முற்றுகை போட்டப்போ சிவாஜியோட மகன் ராஜாராம் தப்பிச்சு செஞ்சிக்கு வந்தார். 1690-ல ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகார்கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல. எட்டு வருஷம்! சரயேவோவை மாதிரி ரெண்டு மடங்கு. விடாம நடந்த முற்றுகைன்னு சொல்ல முடியாது, நடுவுல மராட்டியப் படை சுத்தி வளைச்சதுல சுல்பிகார்கானே வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிடுச்சு. நான் வர்ற வழியில டீ குடிச்ச அதே வந்தவாசி! கடைசியில கோட்டை விழுறதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார்.

நெற்களஞ்சியத்துக்குள்ள நிக்கும்போது பொண்ணு கேட்டா: "ராஜா தப்பிச்சுட்டாருப்பா. இங்க இருந்த மத்தவங்க எட்டு வருஷம் என்ன சாப்பிட்டாங்க?"

பதில் தெரியல. சரயேவோவுல இந்தக் கேள்வியைக் கேட்டா, முற்றுகையில வாழ்ந்த யாராவது ஒருத்தர் பதில் சொல்வார். இங்க ராஜாக்களோட வருஷம் இருக்கு, தளபதிங்க பேரு இருக்கு. நெல்லு குத்தினவ, மதில்ல கல்லு ஏத்தினவன், ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது.

இப்ப சர்ச்சைக்குரிய விஷயம். 2025 ஜூலையில யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது தெரிஞ்சிருக்கும். 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலவியல்' என்ற தலைப்புல 12 கோட்டை. 11 மகாராஷ்டிராவுல, பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. "அதெப்படி நம்ம கோட்டையை மராட்டியக் கோட்டைன்னு சொல்லலாம்?"னு நம்ம ஆளுங்க சிலர் பொங்கினாங்க. உண்மையைச் சொன்னா முதல் நாள் நானும் பொங்கினேன்.

இப்ப எனக்குத் தோணுறது வேற. அவங்க பொய் சொல்லலைங்க. 1677-ல சிவாஜி பிடிச்சு பலப்படுத்தின கோட்டை இது. ராஜாராம் காலத்துல மராட்டிய ராஜ்ஜியத்துக்கே தலைநகரம் செஞ்சிதான். அந்த எட்டு வருஷம் இங்க தாக்குப்பிடிக்கலைன்னா அவங்க சரித்திரமே வேற மாதிரி போயிருக்கும். அவங்க அதை மறக்கல, எழுதி வச்சாங்க, உலகத்துக்கு எடுத்துச் சொன்னாங்க, வாங்கிட்டாங்க.

நம்ம பக்கம் பாருங்க. கோன்கள், விஜயநகரம், நாயக்கர்கள், பிஜப்பூர், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு நவாப், 1750-ல பிரெஞ்சுக்காரர், 1761-ல இங்கிலீஷ்காரர்னு இத்தனை பேர் கை மாறின ஊர். நமக்கு ஞாபகம் இருக்கிற ஒரே பேரு தேசிங்கு ராஜா. அவர் ஒரு வருஷம் கூட முழுசா ஆளல. 1714-ல நவாப் படையோட மோதி சின்ன வயசுலயே செத்துப் போனார். அதுவும் அவர் தமிழர் இல்ல, புந்தேலா ராஜபுத்திரர், மொகலாயர் வச்ச தளபதியோட மகன். ஆனா ஜனங்க அவருக்குப் பாட்டு கட்டிட்டாங்க. குதிரையும், உயிர் நண்பன் மகமத்கானும், உடன்கட்டை ஏறின ராணியுமா ஊர் ஊரா பாடினாங்க. அதனால நிலைச்சார்.

என் கட்சி இதுதான். யார் கட்டினாங்க, யார் ரொம்ப நாள் ஆண்டாங்க என்பது ரெண்டாம்பட்சம். யாரோட கதையைச் சொல்ல ஆள் இருந்துச்சோ அவங்கதான் கடைசியில நிக்கிறாங்க. மராட்டியருக்கு ஆள் இருந்துச்சு, தேசிங்குக்கு ஆள் இருந்துச்சு. லிஸ்பனோட ஒப்பிடுற அளவுக்கு நகரத்தை வளர்த்த நாயக்கருக்கு நம்மள்ல ஆள் இல்ல. மாடி ஏறி தண்ணி வர்றதுக்கு மண்குழாய் பதிச்ச கொத்தனாருக்கு சுத்தமா இல்ல. அதுக்கு யுனெஸ்கோ மேல கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

ரொம்ப உபதேசம் பண்றேனோ? எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நாப்பது வருஷமா நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகிட்டு, நான் செஞ்சிக்குப் போனது மொத்தமே ரெண்டு தடவை. முதல் தடவை... ஆமா, பிக்னிக்தான்.

நண்பரைக் குறை சொல்லல. வசதி இருந்தா சரயேவோ போங்க, கண்டிப்பா போகணும். தான் பட்ட அடியை ஒரு ஊர் எப்படி பத்திரமா வச்சிருக்குன்னு பார்த்துட்டு வாங்க. வந்த கையோட உங்க ஊர்ல இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஒரு இடத்துக்குப் போய், அங்க இருக்கிற வயசான ஒருத்தர்கிட்ட நாலு கேள்வி கேட்டு எழுதுங்க. நாம எழுதுறவங்கதானே? பாட்டு கட்டத் தெரியாட்டியும் பதிவு போடத் தெரியுமே.

நான் முதல் பாட்டமா எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கப் போறேன். ஒரகடம் பக்கம் ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடி அந்த நிலத்துல என்ன விளைஞ்சுதுன்னு கேட்கணும். இன்னும் கொஞ்ச வருஷம் போனா அதைச் சொல்லவும் ஆள் இருக்காது.

பி.கு: ராஜகிரி ஏறணும்னா காலையிலேயே போயிடுங்க. வெயில்ல பாறை கொதிக்கும். தண்ணி பாட்டில் முக்கியம், கையில இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டை குரங்குங்க பிடுங்கிடும், சொந்த அனுபவம். அப்புறம் கல்யாண மகால் சுவத்துல உங்க பேரையும் உங்க ஆளு பேரையும் தயவுசெஞ்சு கீறாதீங்க. சொல்ல ஆள் வேணும்னு நான் சொன்னது அந்தக் கதையை இல்ல.