எந்த ‘ஹேவ்’ குற்றம்?

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் பலரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2022.” பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் திருநெல்வேலியில் நான் செய்துவரும் வேலை இதுதான், மாதிரி நேர்முகம் நடத்துவது. அந்த வாக்கியம் இலக்கணப்படி தவறு. 2022 என்று ஆண்டைச் சொன்ன பிறகு ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிற்காது. ‘ஐ கம்ப்ளீட்டட்’ என்றாலே போதும். ஆனால் கேட்டவருக்கு ஏதாவது புரியாமல் போனதா? இல்லை.

அதே பையன் அடுத்து, “ஐ ஒர்க்ட் இன் எ கம்பெனி ஃபார் டூ இயர்ஸ்” என்கிறான். பிழையே இல்லாத வாக்கியம். எதிரே இருக்கும் நான் “ஏன் வேலையை விட்டாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன். “விடலையே டீச்சர், இன்னும் அங்கதானே இருக்கேன்” என்று திகைக்கிறான். ‘ஐ ஹேவ் ஒர்க்ட்’ என்றோ ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்றோ சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. நிஜத் தேர்வில் இதைத் திருத்திக்கொள்ள அவனுக்கு வாய்ப்புக் கிடைக்குமோ என்னவோ.

பிரசன்ட் பெர்ஃபெக்டும் சிம்பிள் பாஸ்டும் குழம்பும்போது விளைவது இந்த இரண்டு வகைத் தவறு. முதலாவது காதை உறுத்துகிறது. இரண்டாவது செய்தியையே மாற்றிவிடுகிறது. நம் வகுப்பறைகள் முதலாவதைத்தான் விரட்டிக்கொண்டிருக்கின்றன என்பது என் புகார்.

முதல் தவறு ஏன் வருகிறது? தமிழ் அதை அனுமதிக்கிறது. ‘காமராஜர் 1957-இல் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார்’ என்று ஆண்டு மலரில் எழுதினால் எந்தத் தமிழாசிரியரும் சிவப்பு மை தொடமாட்டார். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தடைகள். ஆண்டு சொல்லியாயிற்று என்பது ஒன்று. ஆண்டை எடுத்துவிட்டு ‘காமராஜ் ஹேஸ் விசிட்டட் அவர் ஸ்கூல்’ என்று எழுதினாலும் இடறும். அவர் 1975-இலேயே காலமாகிவிட்டார், அவருடைய அனுபவத்துக்கு ‘இப்போது’ என்பது இல்லை. வேடிக்கை என்னவென்றால், பள்ளியை முன்னால் கொண்டுவந்து ‘அவர் ஸ்கூல் ஹேஸ் பீன் விசிட்டட் பை காமராஜ்’ என்றால் உறுத்தல் தணிந்துவிடும். பள்ளி இன்னும் இருக்கிறதே! நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைச் சொன்னால் ஒருவருக்கும் தூக்கம் வராது. எந்தப் பயிற்சி நூலிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

காலையில் எழுந்து ஈர முற்றத்தைப் பார்த்து ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். அந்த ‘இருக்கு’ காலத்தை மட்டுமா சொல்கிறது? நான் பார்க்கவில்லை, தடயம் கிடக்கிறது என்றும் சொல்கிறது. ஆங்கில ‘ஹேஸ்’ அந்த வேலையைச் செய்யாது. ராத்திரி என்று சொல்லிவிட்டால் ‘இட் ரெயின்ட்’தான். ஆகவே ‘யெஸ்டர்டே’க்குப் பக்கத்தில் ‘ஹேவ்’ போடும் பிள்ளை மக்கு அல்ல, தமிழில் யோசிக்கிறது. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலம் பேசும்போது இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அவர்கள் பேச்சு மொழியில் ‘நேற்று’க்கும் ‘ஹேவ்’ போன்ற துணைவினைக்கும் பகை கிடையாது.

இரண்டாவது தவறில் எங்களுக்கும் பங்குண்டு. ‘ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதை மாணவன் ‘ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று சொல்வான். தவறுதான், ஆனாலும் அவன் வேலையில் இருப்பது விளங்கும். ‘ஆம்’ வராது, ‘ஆம்’ வராது என்று ஆசிரியர் அதட்ட, பயந்துபோய் ‘ஒர்க்ட்’டுக்குத் தாவுகிறான். நாம் திருத்தப் போய் வேலையை இழந்தவன் ஆகிவிடுகிறான்.

இதற்கு மேல் இருக்கிறது துப்புச் சொல் வைத்தியம். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், சின்ஸ், ஃபார் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெர்ஃபெக்ட் போடு என்பது. ‘ஹி லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்பதில் ‘ஃபார்’ இருக்கிறது; அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றால் அதுவே சரி. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ மூன்றையும் அமெரிக்கர்கள் சாதாரண இறந்தகாலத்தோடு தாராளமாகச் சேர்க்கிறார்கள். ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று ஹாலிவுட் படத்தில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு நாம் பிரிட்டிஷ் வழக்கத்தைக் காட்டி மதிப்பெண் குறைக்கிறோம். ‘திஸ் மார்னிங்’கைப் பாருங்கள்: காலை பத்து மணிக்குப் பேசினால் ‘ஹேவ்’ வரலாம், மாலை நான்கு மணிக்குப் பேசினால் வராது. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் மணி என்ன என்று யார் சொல்கிறார்கள்?

‘ஐ ---- மை கீ (லூஸ்)’ என்று ஒரு கேள்வி. ‘லாஸ்ட்’ என்றாலும் சரி, ‘ஹேவ் லாஸ்ட்’ என்றாலும் சரி. ‘ஹேவ்’ போட்டால் நான் இப்போது பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறேன். போடாவிட்டால் சாவி பிறகு கிடைத்திருக்கலாம். விடைக்குறிப்பிலோ ஒரே விடை. இப்படிப்பட்ட தாளை வருடக்கணக்கில் திருத்தியவள் என்பதால் சொல்கிறேன், அந்த ஒரு மதிப்பெண் அதிர்ஷ்டத்துக்குப் போனது, அறிவுக்கு அல்ல.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்து ஒரு செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரியில் ‘ஹேஸ் அனௌன்ஸ்ட்’ என்று சேதி வரும். எப்போது, எங்கே என்ற விவரம் தொடங்கியதும் இறந்தகாலத்துக்கு மாறிவிடும். எல்லாச் செய்தியும் அப்படி இராது, ஆனால் தேடினால் அன்றைய தாளிலேயே கிடைக்கும். மாணவனிடம் ‘இப்போது நிலைமை என்ன?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பன்னிரண்டு கட்ட அட்டவணையைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களே, ஒற்றை வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள். யார், எப்போது, யாரிடம் பேசுகிறார் என்று மூன்று வரிச் சூழலைக் கொடுங்கள். இரண்டு விடை சரியென்றால் இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள். செய்தி திரிந்தால் மட்டும் தயங்காமல் குறையுங்கள்.